தாத்தாவின் துருப்பிடித்த இழைப்புளியைச் சாணைக் கடையில் கொடுக்கலாமா?

கேள்வி: தாத்தா மரம் இழைக்கப் பயன்படுத்திய இரும்பு இழைப்புளி ஒன்று துருவேறிக் கிடக்கிறது. கைப்பிடியிலும் விரிசல். சாணைக் கடையில் கொடுத்துத் தீட்டிப் பயன்படுத்தலாமா, இல்லை நினைவாக அலமாரியில் வைத்துவிடலாமா?

சாணைக் கடை என்ற சொல்லைப் பார்த்ததும் தாண்டிப் போக முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அலமாரியில் வைக்காதீர்கள், பயன்படுத்துங்கள். ஆனால் அதன் வெட்டும் தகட்டை யாரிடமும் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். துரு பல வருடம் உட்கார்ந்து செய்யாத கேட்டைச் சூடு சில நொடிகளில் செய்துவிடும்.

என்னிடம் இருப்பது ஸ்டான்லி நிறுவனத்தின் ஐந்தாம் எண் இழைப்புளி, பெரியப்பாவுடையது. 14 அங்குல நீளம், 2 அங்குலத் தகடு. தகடு உட்காரும் சாய்வான துண்டுக்குப் பின்னால், அடிப்பாகத்தின் வார்ப்பிலேயே மூன்று காப்புரிமைத் தேதிகள் இருக்கின்றன. இரண்டு 1902ஆம் வருடத்தவை, மூன்றாவது 1910 ஏப்ரல். ஆக அது 1910க்குப் பிந்தையது. இந்த வடிவத்தை உருவாக்கியவர் லெனார்ட் பெய்லி. அவருடைய தொழிலை ஸ்டான்லி வாங்கியது 1869இல். தகட்டை ஏற்றி இறக்கும் அந்தப் பித்தளைச் சக்கரம், 45 பாகைச் சாய்வு, எல்லாம் இன்றைக்குக் கடையில் கிடைக்கும் இழைப்புளியிலும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. பழசு என்பதால் அது வேலைக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பெரியப்பாவுக்குக் கை நடுக்கம் வந்த பிறகு அதை என்னிடம் கொடுத்தார். எனக்கு அப்போது தீட்டத் தெரியாது. தகட்டை மட்டும் கழற்றி, தீட்டிக் கொடுக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். மறுநாள் கண்ணாடி மாதிரி பளபளவென்று திரும்பி வந்தது. முகம் பார்க்கலாம். மாட்டி ஒரு பலகையில் ஓட்டினேன். முதல் நாலைந்து சுருள் வெங்காயத் தோல் போல வந்தது. பத்து நிமிடத்துக்குள் தூளாக உதிர ஆரம்பித்தது. முனையைப் பார்த்தால் மழுங்கி மடிந்திருந்தது. திரும்பக் கொண்டுபோனேன், திரும்பத் தீட்டினார், திரும்ப அதே கதை. மூன்றாவது முறை, "உங்க மரத்துல ஆணி இருந்திருக்கும்" என்றார். நானும் நம்பி, பலகையில் ஆணி தேடிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றும் ஆறவில்லை.

பெரியப்பாவிடம் காட்டினேன். தகட்டை வாங்கி வெளிச்சத்தில் ஒரு திருப்பு திருப்பினார். பழைய அரம் ஒன்றை எடுத்து, தன் உளி ஒன்றின் முனையில் லேசாக இழுத்தார். வழுக்கிக்கொண்டு போனது. அதே அரத்தை என் தகட்டின் முனையில் இழுத்தார். கரகரவென்று கடித்தது. "பதம் போயிருச்சுடா" என்றார். முனையின் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். அவ்வளவுதான், திட்டவில்லை.

நடந்தது இதுதான். இந்தப் பழைய தகடுகள் சாதாரணக் கார்பன் எஃகு. கடினமாக்கிய பிறகு சுமார் 200 பாகை செல்சியஸில் பதப்படுத்துவார்கள். வேகமாகச் சுற்றும் மின்சாரச் சாணையில் மெல்லிய முனையை அழுத்திப் பிடித்தால் சூடு கிடுகிடுவென்று ஏறிவிடும். எஃகு முதலில் வைக்கோல் நிறத்துக்கு வரும், 300 பாகையை நெருங்கும்போது நீலமாகும். நீலம் வந்துவிட்டால் அந்த இடம் மெத்தென்று ஆகிவிட்டது என்று அர்த்தம். பிறகு தண்ணீரில் முக்கினாலும் பதம் திரும்பாது. இதில் கொடுமை, நீலம் மேல்தோலில் மட்டும்தான். மெருகுச் சக்கரத்தில் ஒரு ஓட்டு ஓட்டினால் நிறம் போய்விடும், மென்மை உள்ளே அப்படியே இருக்கும். எனக்கு வந்த பளபளப்பு அதுதான்.

மின்சாரச் சாணையே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மெதுவாகச் சுற்றும் கல்லில், தொட்டுத் தொட்டு எடுத்து, விரல் பொறுக்கும் சூட்டைத் தாண்டாமல் தண்ணீரில் முக்கிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுங்கள். இயந்திர வெட்டுக் கருவிகளில் வரும் ஹைஸ்பீடு எஃகு இந்தச் சூட்டைத் தாங்கும், அது வேறு விஷயம். நான் பேசுவது தாத்தா காலத்துத் தகட்டைப் பற்றி.

கெட்டதைச் சரிசெய்ய பெரியப்பா சொன்ன வழி எளிமையானது. "மெத்தென்ன இடத்தை அரமே தின்னும். எங்க வழுக்க ஆரம்பிக்குதோ அங்க நிறுத்து." தகட்டைப் பட்டறைப் பிடியில் நிமிர்த்திக் கட்டி, முனையைக் குறுக்கே நேராக அராவினேன். கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் உள்ளே போன பிறகு அரம் வழுக்கியது. அந்தச் சத்தம் மாறிய நிமிடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடி நின்று, கண்ணாடியில் இழுப்பது போன்ற ஒலி. அதற்கப்புறம் முரட்டுக் கல்லில் கையால் தேய்த்து முனையின் சரிவை உருவாக்க மூன்று சாயங்காலம் ஆனது. 4 மில்லிமீட்டர் என்றால் சின்ன விஷயமில்லை. ஒழுங்காகத் தீட்டினால் பல வருட வேலைக்கு வந்திருக்கும் எஃகு அது.

கையால் தீட்டுவது பயப்படும் அளவுக்குக் கஷ்டமில்லை. முதலில் தகட்டின் தட்டையான முகத்தை, முனையை ஒட்டிய ஒரு விரல் அகலத்துக்கு மட்டும், கல்லில் சமமாக்குங்கள். தகடு முழுக்கத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டியதில்லை. முனையருகில் துரு தின்ற குழி இருந்தால் அது போகும்வரை தேய்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் குழி முனைக்கு வந்து சேரும் இடத்தில் பல்லு விழும். மற்ற இடத்துக் குழிகளை விட்டுவிடுங்கள். சரிவு 25 பாகை, நுனியில் மட்டும் கொஞ்சம் தூக்கி 30. அளக்கக் கருவி இல்லையென்றால், சரிவின் நீளம் தகட்டின் தடிமனைப் போல இரண்டு மடங்கு இருந்தால் அது 30 பாகை. 1000 எண் கல்லில் (எண் கூடக் கூடக் கல் நயமாகும்), எதிர்ப்பக்கம் முழு அகலத்துக்கும் பிசிர், அதாவது முனையில் மடிந்து நிற்கும் மெல்லிய எஃகு, விரலில் தட்டுப்படும்வரை தேய்த்து, பிறகு 6000 கல்லில் மெருகேற்றி, பிசிரைத் தோல் வாரில் இழுத்து எடுத்துவிடுங்கள். எண்ணெய்க் கல், கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாள், எதுவும் சரிதான். கல்லைப் பற்றிய சண்டையில் எனக்கு ஈடுபாடில்லை. பிசிர் வராமல் அடுத்த கல்லுக்குப் போகாதீர்கள், அது மட்டும் முக்கியம். முனையை மென்மரத்தின் வெட்டுமுகத்தில், அதாவது இழைக்குக் குறுக்கே அறுத்த முகத்தில், சோதியுங்கள். நசுங்காமல் மெழுகு மாதிரி சீவினால் தயார்.

வெட்டும் தகட்டின் மேல் திருகி வைக்கும் இரண்டாவது தகடான மேல்தகட்டைத் தீட்டிய முனைக்கு மிக நெருக்கமாக, அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக வைத்துத் திருகினால் எதிர் இழையில் மரம் பெயர்ந்து வருவது வெகுவாகக் குறையும்.

துருவுக்கு சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே ஊற வையுங்கள், ராத்திரி முழுக்க மறந்துவிட்டால் நல்ல இரும்பையும் அரிக்கும். எடுத்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் கழுவி, காய வைத்து, எண்ணெய் தடவுங்கள். மின்சாரம் பாய்ச்சித் துரு எடுக்கும் மின்பகுப்பு முறையில் செய்வதாக இருந்தால் நேர்மின்முனைக்கு எவர்சில்வர் துண்டைப் போடவே போடாதீர்கள், நச்சுக் குரோமியம் கரையும். அடியில் விரிசல் இருக்கிறதா என்று, தகடு வெளியே நீட்டும் வாயைச் சுற்றிப் பாருங்கள், அது இருந்தால் மட்டும்தான் அலமாரி. கழற்றும்போது திருகுகளைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். சிலவற்றின் மரை இன்றைய அளவுகளோடு ஒத்துப்போகாது.

அப்புறம் இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தீட்டிய பிறகு யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். பெரியப்பாவின் கால் அங்குல உளியை ஒருவர் "அஞ்சு நிமிஷம்" என்று வாங்கிப் போனார். பெயின்ட் டப்பா மூடியை நெம்பி, முனை சில்லு பெயர்ந்து வந்தது. கேட்டால், "இரும்புதானே" என்கிறார். இரவல் வாங்குவோர் எல்லாப் பொருளிலும் இப்படித்தான். புத்தகம் பக்கம் மடிந்து வரும், குடை கம்பி ஒடிந்து வரும், கேட்பவன்தான் அற்பன் ஆகிறான். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு இருபது வருடம் ஆனது. சுயநலம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

சரி, உங்கள் கைப்பிடி விரிசல். அந்த வகைக் கைப்பிடியில் அது மிகச் சகஜம், தூக்கிப் போடாதீர்கள். விரிசல் ஓடும் இடத்தில் முழுதாகப் பிரித்து, பழைய அழுக்கையும் எண்ணெயையும் துடைத்து, இரண்டு முகத்திலும் எபாக்சி பசை தடவிச் சேருங்கள். வளைந்த வடிவமாதலால் பிடிமானம் கிடைக்காது. பழைய சைக்கிள் ட்யூபை ரிப்பனாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றிக் கட்டுங்கள். உள்ளே கம்பி போகும் துளையில் பசை இறங்கியிருந்தால் ஈரமாக இருக்கும்போதே குச்சியால் எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒரு நாள் முழுக்கத் தொட வேண்டாம்.