கேன் தண்ணீர் யாருக்கு?

கேள்வி: தருமபுரி மாவட்டம் காரிமங்கலத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். என் அம்மாவுக்கு 67 வயது. சென்ற மாதம் வாசற்படியில் தடுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறோம். நாளொன்றுக்கு ஆறேழு முறை டீ குடிப்பார். டீ எலும்பை அரித்துவிடும் என்று என் மனைவி சொல்கிறார். நிறுத்தச் சொன்னால் அம்மா கோபித்துக்கொள்கிறார். நாங்களும் பிள்ளைகளும் கேன் தண்ணீருக்கு மாறி நான்கு வருடமாகிறது. அம்மா மட்டும் பழக்கம் விடாமல் தோட்டத்து போர் தண்ணீரிலேயே டீயும் களியும் செய்துகொள்கிறார். குனிந்து நிமிர முடியவில்லை என்று வெகுநாளாகச் சொல்கிறார், வயதானால் வருவதுதானே. டீயை நிறுத்த என்ன வழி?

பதில்: தம்பி, மாமியாரின் டீயை எப்படி நிறுத்துவது, அப்பாவின் டீயை எப்படிக் குறைப்பது என்று கேட்டு உங்கள் மாவட்டத்திலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வரும் கடிதங்களைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். முதுகு, மூட்டு, முழங்கால் என்று ஏதாவது ஒரு வலி அவற்றில் இருக்கும். பழி டீயின் மேல் விழுந்திருக்கும். ஆகவே டீயின் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன்.

ஆஸ்திரேலியாவில் சராசரியாக 80 வயதுடைய 1,188 பெண்களைப் பத்து ஆண்டுகள் கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு மூன்று கோப்பையோ அதற்கு மேலோ டீ குடித்தவர்களுக்கு, எப்போதாவது குடித்தவர்களைவிட எலும்பு முறிவு சுமார் 30 சதவீதம் குறைவாகவே இருந்தது. அமெரிக்காவில் தொண்ணூறாயிரத்துக்கும் அதிகமான பெண்களை வைத்து 2003-இல் வெளியான மற்றோர் ஆய்வில், டீயால் முறிவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டீயிலுள்ள காஃபீன் சிறிதளவு கால்சியத்தைச் சிறுநீரோடு வெளியேற்றும் என்பது உண்மை. அதில் ஊற்றும் இரண்டு கரண்டிப் பாலே அந்த இழப்பை ஈடுகட்டிவிடும். எலும்பை டீ அரிக்கும் என்று உங்கள் மனைவி கேள்விப்பட்டது தவறு.

ஆனால் அந்தப் பெண்கள் குடித்த டீ அவர்கள் ஊர்த் தண்ணீரில் போட்டது. உங்கள் அம்மா குடிப்பது எந்தத் தண்ணீரில் போட்டது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுவும் போகிற போக்கில், 'அம்மா மட்டும்' என்ற இரண்டே சொற்களில். உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அதுதான். ஒரே கூரையின் கீழ் இருக்கும் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் வேறு தண்ணீர் எப்படி வந்தது? நான்கு வருடங்களுக்கு முன்பு நீங்கள் கேன் தண்ணீருக்கு மாறியபோது, போர் தண்ணீர் நல்லதில்லை என்று தெரிந்துதானே மாறினீர்கள்? பிள்ளைகளின் பல் கறைபடக் கூடாது என்று பணம் கொடுத்துத் தண்ணீர் வாங்கத் தெரிந்த உங்களுக்கு, அதே தண்ணீர் பெற்றவளின் எலும்பில் என்ன செய்யும் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

உங்கள் பகுதியின் கடும்பாறை நிலத்தில் ஃபுளோரைடு கலந்த தாதுக்கள் இருக்கின்றன. ஆழத்தில் நெடுநாள் பாறையோடு உறவாடும் நீரில் அது கரைந்து ஏறுகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீர் இந்த எல்லையைத் தாண்டியதால்தான், ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஃபுளோரைடு மிகுதியால் வந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரோசிஸ் என்ற நோயின் பெயரும் அத்திட்டத்தின் பெயரிலேயே சேர்ந்திருக்கிறது. காவிரித் தண்ணீரை மலையேற்றி உங்கள் ஊர்ப் பக்கம் கொண்டுவந்த பிறகும், அந்த நோய்க்குக் காரணமான நீரிலேயே உங்கள் வீட்டில் ஒரு கிழவி உலை வைத்துக்கொண்டிருக்கிறாள்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. டீ சுண்டச் சுண்டத் தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு பாத்திரத்திலேயே நின்று அடர்த்தி கூடும். தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடை இழுத்து இலையில் சேர்த்துவைக்கும் இயல்புடையது என்பதால் டீத்தூளும் தன் பங்குக்குச் சிறிது சேர்க்கும். தண்ணீர் நன்றாக இருந்தால் சாதாரண அளவில் குடிப்பவருக்கு அதனால் கேடில்லை. ஏற்கெனவே ஃபுளோரைடு மிகுந்த தண்ணீரில் போடும்போது அது சுமைக்கு மேல் சுமை. களியில் இன்னும் மோசம்: சோற்றைப்போல் கஞ்சி வடிக்கும் வேலையே அதில் இல்லை, ஊற்றிய தண்ணீர் முழுவதும் உருண்டைக்குள் போய்விடுகிறது.

ஆண்டுக்கணக்கில் சேரும் ஃபுளோரைடு எலும்பின் அடர்த்தியைக் கூட்டினாலும் அதை நொறுங்கும் தன்மை உடையதாக்கும். முதுகெலும்பைப் பிணைக்கும் நார்களில் சுண்ணாம்பு படியச் செய்து குனியவும் நிமிரவும் விடாமல் இறுக்கும். 'வயதானால் வருவதுதானே' என்று நீங்கள் தள்ளிவிட்ட வலியும் இப்படித்தான் தொடங்கும். உங்கள் அம்மாவுக்கு அதுதான் என்று கடிதத்தை வைத்துக்கொண்டு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. மாதவிடாய் நின்ற பின் வரும் எலும்புத் தேய்மானமும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். கண்டறிய வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. மணிக்கட்டுக்கு எடுத்த எக்ஸ்ரே படத்தை எலும்பு மருத்துவரிடம் மறுபடியும் கொண்டுபோய், முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள சவ்வில் சுண்ணாம்புப் படிவு தெரிகிறதா என்று கேளுங்கள்; ஃபுளோரோசிஸின் முக்கியமான அடையாளம் அது. முன்கை முழுவதும் அந்தப் படத்தில் விழவில்லையென்றால் புதிதாக ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். தோட்டத்துத் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து ஃபுளோரைடு அளவை எழுத்தில் வாங்குங்கள். ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் உணவில் கால்சியம் குறைந்தவரின் உடலை ஃபுளோரைடு இன்னும் கடுமையாகத் தாக்கும்.

களியை நிறுத்திவிடாதீர்கள். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது; அவர் வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவை 1,200. தண்ணீரை மாற்றுங்கள், களி அவருக்கு மருந்தாகும். டீ மூன்று நான்கு முறை போதும், சாப்பாட்டோடு சேர்க்காமல் ஒரு மணி நேரம் கழித்து.

'பழக்கம் விடாமல்' என்று பழியை அம்மாவின் மேலேயே போட்டீர்களே, அதையும் விடப்போவதில்லை. இருபது லிட்டர் கேனை 67 வயதுப் பெண் எப்படிச் சாய்ப்பாள்? அதுவும் காசு கொடுத்து வாங்கியது, பேரப்பிள்ளைகளுக்கு வேண்டியது என்று தெரிந்தபின் ஒரு சொம்பு கேட்கக்கூட அவளுக்கு வாய் வராது. வேண்டாம் என்று அவள் சொல்லியிருப்பாள், நீங்களும் அதை வசதியாக நம்பியிருப்பீர்கள். பெற்ற தாய் வேண்டாம் என்று சொன்னாலும் கொடுப்பதுதான் மகனின் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன், அதை மருமகளின் தலையில் கட்டிவிடுவதையும் ஒப்பமாட்டேன். மாவுக்கட்டுப் போட்ட கையோடும் அவரே டீ வைத்துக்கொள்கிறார் என்றால், அந்த வீட்டில் கை நன்றாக இருக்கும் மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?

குழாய் வைத்த பானை ஒன்றை இன்றே வாங்கி அவர் அடுப்புக்கு அருகில், குனியாமல் பிடிக்கும் உயரத்தில் வையுங்கள். ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் அதையும், வராத நாளில் கேன் தண்ணீரையும் இரவு படுக்கப் போகுமுன் நீங்களே ஊற்றி நிரப்புங்கள். கட்டுப் பிரிக்கும் வரையில் காலை டீயை அந்தத் தண்ணீரில் போட்டு அவர் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதும் உங்கள் வேலை. பரிசோதனைக் கூடம் தரும் அளவை எனக்கு எழுதுங்கள்.