நேரடி நிகழ்ச்சியில் தொடுதிரை மிக்சரை நம்பலாமா?

பல மைக்குகளின் ஒலியைக் கலந்து அனுப்பும் 16 சேனல் அனலாக் மிக்சரில் பழகிய நீங்கள், தொடுதிரை உள்ள டிஜிட்டல் மிக்சருக்கு மாறினால் நிகழ்ச்சி நடுவே விரல் தவறிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கோயில் திருவிழா, பட்டிமன்றம், திருமண வரவேற்பு போன்றவற்றுக்கு ஒலி அமைப்பவராகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பதிவுக்கூடத்தில் வேலை பார்ப்பவருக்கு இதில் பாதி பொருந்தாது. விரல் தவறத்தான் செய்யும். எதைத் திரையில் செய்வது, எதைத் திரையில் செய்யவே கூடாது என்று பிரித்துக்கொண்டால் அதனால் கெடுதல் வராது.

ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்யூவை எடுத்துக்கொள்ளுங்கள். 7 அங்குல அகலத்திரையின் அகலம் ஏறத்தாழ 15 செ.மீ. அதில் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது சுமார் 10 ஆக்டேவ் (அதிர்வெண் இருமடங்காகும் ஒவ்வோர் இடைவெளியும் ஓர் ஆக்டேவ்), ஒரே வரைபடமாக விரிகிறது. விரல் நுனி படும் இடம் ஒரு செ.மீ. என்றால், அது மூன்றில் இரண்டு பங்கு ஆக்டேவை மறைத்துவிடும். இதே வீச்சை 31 பட்டைகளாகப் பிரிக்கும் கிராஃபிக் ஈக்யூவில் அது இரண்டு பட்டைகளுக்குச் சமம். 2,500 ஹெர்ட்ஸில் ஊளையிடும் மைக்கை அடக்க விரல் வைத்தால், 2,000க்கும் 3,150க்கும் இடையில் எங்கே பிடித்தோம் என்பதை அந்த விரலே மறைத்துக்கொண்டிருக்கும். விரலை எடுக்கும்போது புள்ளி சற்று நகர்வதும் உண்டு. யமஹா 2015இல் கொண்டுவந்த டிஎஃப் வரிசையில், திரையோடு சேர்த்து ‘டச் அண்ட் டர்ன்’ என்றொரு குமிழைக் கொடுத்திருக்கிறார்கள்: மாற்றவேண்டியதைத் திரையில் தொட்டுவிட்டு, அளவைக் குமிழால் திருகலாம். என் வழக்கமும் இதுவே. தேர்ந்தெடுக்க மட்டும் திரை, கூட்டிக் குறைக்கக் குமிழ்.

எங்கள் பகுதி அம்மன் கோயில் திருவிழாவில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. நடுவருக்கு ஒரு மைக், இரண்டு அணிகளுக்கும் மேசை மைக்குகள், நின்று பேசுபவருக்கு ஒரு கார்ட்லெஸ். நடுவரின் மைக்குக்குத் திரையில், குரல் திடீரென உரக்கும்போது அடக்கும் கம்ப்ரசரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அப்போது கார்ட்லெஸ்ஸுடன் பேசியவர், கைதட்டல் கிடைத்த உற்சாகத்தில் மேடையை விட்டிறங்கி நேராக ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். ஊளை கிளம்புவதற்கு முன் மெல்லிய ரீங்காரம் ஒன்று வருமே, அது காதில் விழுந்ததும், கண் மேடையிலேயே இருக்க, என் இடது கை அந்த மைக்கின் ஃபேடரை, அதாவது ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்கட்டையை, கீழே இழுத்துவிட்டது. எந்த மிக்சரானாலும் கார்ட்லெஸ்ஸை இடது ஓரத்து முதல் ஃபேடரில்தான் வைப்பேன், ஏனென்றால் ஓரத்து ஃபேடரைக் கை தடவியே கண்டுகொள்ளும். இதையே திரையில் செய்வதாக இருந்தால், கம்ப்ரசர் பக்கத்தை மூடி, முகப்புக்குத் திரும்பி, சேனலைத் தேடித் தொட்டு இழுப்பதற்குள் கூட்டம் காதைப் பொத்திக்கொண்டிருக்கும். வழுவழுப்பான கண்ணாடியில் கண் போகாமல் விரல் போகாது. நிகழ்ச்சி நடக்கும்போது கண்ணுக்கு மேடையில்தான் வேலை. ஆகவே லேயர் மாற்றும், அதாவது அதே ஃபேடர்களுக்கு வேறு சேனல்களை மாற்றித் தரும் மிக்சராக இருந்தால், முக்கியமான மைக் எல்லா லேயரிலும் ஒரே இடத்தில் நிற்குமாறு அமைத்துக்கொள்ளுங்கள்; பல மைக்குகளை ஒரேயடியாக நிறுத்தும் மியூட் குழுக்களைத் திரையில் விடாமல், நாம் விரும்பியதை ஒதுக்கிக்கொள்ளக் கிடைக்கும் பொத்தான்களில் வையுங்கள்.

இதைப் படித்துவிட்டுப் பழைய காலத்து ஆள், புதியதென்றாலே முகம் சுளிக்கிறார் என்று சிலர் எழுதக்கூடும். அப்படியில்லை. சேனலுக்குப் பெயரிடுவது, ஒரு மைக்கின் அமைப்பை இன்னொன்றுக்கு நகலெடுப்பது, பேட்ச் (எந்த இணைப்பு எந்தச் சேனலுக்கு என்பது) மாற்றுவது, எஃபெக்ட் தேர்ந்தெடுப்பது ஆகிய சவுண்ட் செக் வேலைகளெல்லாம் திரையில் நொடியில் முடிகின்றன. 2012இல் வந்த பெரிங்கர் எக்ஸ்32இன் திரை தொடுதிரை அன்று. அதில் பக்கம் பக்கமாகப் பொத்தானை அழுத்தி, திரைக்குக் கீழுள்ள குமிழ்களைத் திருகிப் பேட்ச் மாற்றியவருக்கு அந்த வித்தியாசம் தெரியும். ஆனாலும் அதை வைத்து எத்தனையோ நிகழ்ச்சிகள் குறைவின்றி நடந்திருக்கின்றன என்பதையும் சொல்லவேண்டும்.

இதில் எனக்கொரு மனக்குறையும் உண்டு. கூட்டத்தின் நடுவே நடந்துபோய்க் கேட்டுச் சரிசெய்யலாமே என்று டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போனால், “சவுண்டு சரியில்லை, இவர் பாட்டுக்குப் போனை நோண்டிக்கொண்டு திரிகிறார்” என்று விழாக் குழுவினர் காதுபடவே பேசுகிறார்கள். குமிழைத் திருகினால் வேலை செய்கிறான், கண்ணாடியைத் தடவினால் விளையாடுகிறான் என்பது அவர்கள் கணக்கு. மிக்சரின் திரையைக் குனிந்து பார்த்தாலும் இதே ஏச்சுத்தான்.

திறந்தவெளி வேலை உங்களுக்கு அதிகமென்றால் இன்னொன்றும் பாருங்கள். மாலை நான்கு மணி வெயிலில் சவுண்ட் செக் செய்யும்போது திரையில் நம் முகந்தான் தெரியும். மேலே நிழல் தரும் மறைப்பு கட்டாயம் வேண்டும். இப்போதைய திரைகள் விரலின் மின்னூட்டத்தை உணர்ந்து இயங்குபவை, ஆதலால் வியர்வையோ மழைத்துளியோ பட்டால் தொடாத இடத்தைத் தொட்டதாக எடுத்துக்கொள்ளும். கையருகே உலர்ந்த துணி ஒன்று இருக்கட்டும்.

வாங்குவதற்கு முன் கடையில் ஒரு மைக்கை இணைத்துப் பேசச் சொல்லுங்கள். திரையில் வேறொரு சேனலின் ஈக்யூவைத் திறந்து வைத்துவிட்டு, மிக்சரைப் பார்க்காமல் பேசுபவரையே பார்த்தபடி அந்த மைக்கைக் குறைக்கவும் மியூட் செய்யவும் முடிகிறதா என்று செய்து பாருங்கள். கடைக்காரர் இடங்கொடுக்கவில்லையென்றால், அதே மிக்சரை வாடகைக்கு எடுத்துச் சிறிய நிகழ்ச்சி ஒன்றை நடத்திப் பார்த்தபின் பணத்தைக் கட்டுங்கள்.