கேள்வி பதில்: ஐஸ் ஹாக்கியின் பின்வரிசைப் பெண்கள்

கேள்வி: பெண்கள் ஐஸ் ஹாக்கியில் தடுப்பாட்டக்காரருக்கு எது முக்கியம், பலமா வேகமா?

பதில்: இரண்டையும்விட, பின்னோக்கிச் சறுக்கும் பழக்கம். எதிராளி பக்கோடு (ஆடும் ரப்பர் வட்டோடு) பாய்ந்து வரும்போது இருவருக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு ஸ்டிக் நீளம்தான் இருக்க வேண்டும். அதிகம் விட்டால் நிதானமாகக் குறிபார்த்து அடிப்பார். ஒட்டிப்போனால் சட்டென்று திசை மாறித் தாண்டிவிடுவார். பார்வை பக்கின் மேல் போனால் தீர்ந்தது. எதிராளியின் மார்பைத்தான் பார்க்க வேண்டும். பக் ஏமாற்றும், உடம்பு அவ்வளவு சுலபமாக ஏமாற்றாது. ஒரு கையில் ஸ்டிக்கை நீட்டி நடுத்தளத்தை அடைத்து, அவரை ஓரப் பலகைப் பக்கம் ஒதுக்க வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் திரும்பும் நொடியில்தான்: அவசரத்தில் கால் மேல் கால் போடுவார்கள், எதிராளி அந்தப் பக்கமே புகுந்துவிடுவார்.

கேள்வி: உடம்பால் மோதலாமா?

பதில்: வட அமெரிக்காவின் தொழில்முறைப் பெண்கள் ஹாக்கி லீக்கான பி.டபிள்யூ.எச்.எல். போட்டிகளில், பக்கைப் பிடிக்கும் நோக்கம் தெளிவாக இருந்தால் மோதலாம். விதி மீறினால் பெரும்பாலும் 2 நிமிடம் வெளியே. அணி ஓராள் குறைவாக ஆட வேண்டும்.

கேள்வி: இதை நம்பிப் பிழைக்க முடியுமா?

பதில்: பலர் பல்கலைக்கழக அணியில் ஆடிவிட்டு, டிராஃப்ட் (அணிகள் முறைவைத்து வீராங்கனைகளைத் தேர்ந்தெடுப்பது) வழியாக வருகிறார்கள். இந்த லீக் 2024 ஜனவரியில் 6 அணிகளோடு தொடங்கியபோது குறைந்தபட்சச் சம்பளம் ஒரு சீசனுக்கு 35,000 டாலர். வசதியான வாழ்க்கைக்கு அது போதாது. ஆனாலும் தடுப்பாட்டக்காரருக்கு மதிப்பு உண்டு: 2023 டிராஃப்ட்டில் டொராண்டோ அணி இரண்டாவதாக எடுத்தது ஒரு தடுப்பாட்டக்காரரை, ஜோசலின் லாரோக்கை.