மனம் புண்பட்டோர் கவனத்திற்கு: ஒரு வக்கீல் பதில் சொல்கிறார்

குற்றவியல் கோர்ட்டுகளில் இருபத்தாறு வருஷமாக நிற்கிறேன். அவதூறு வழக்கு, மத உணர்வைப் புண்படுத்திய வழக்கு, கண்டனக் கூட்டத்தில் மைக் பிடித்தவர் மேல் வழக்கு என்று இரண்டு பக்கத்துக்கும் ஆஜராகியிருக்கிறேன். இன்று ஞாயிறு, மாலை வரை இங்கே இருப்பேன்; புனைபெயரில் கேள்வி போடுங்கள், பதில் சொல்கிறேன். சொத்துத் தகராறு, விவாகரத்து, செக் பவுன்ஸ் கேட்காதீர்கள். காகிதத்தைப் பார்க்காமல் கேஸ் ஜெயிக்குமா என்றும் சொல்ல மாட்டேன்.

அரைத்தூக்கம்: ஒருவர் மேடையில் பேசிய பேச்சால் என் மனம் புண்பட்டது. எந்த செக்‌ஷன் போடலாம் சார்?

மனம் புண்பட்டதற்கென்று தனியாக ஒரு செக்‌ஷன் கிடையாது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்டதும் இன்னும் அதிகமாகப் புண்படுகிறார்கள்.

சட்டம் வேறு விஷயங்களைத்தான் கேட்கும். உங்களைப் பற்றி அவர் சொன்னதால் மற்றவர்கள் பார்வையில் உங்கள் பெயர் கெட்டதா? அது அவதூறு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356. இரண்டு வருஷம் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும்; புதிதாகச் சமூக சேவையும் சேர்ந்திருக்கிறது. நீங்கள் கை ஓங்கி அமைதி கெடட்டும் என்றே வேண்டுமென்று அவமதித்தாரா? பழைய 504, இப்போது 352. ஒரு மதத்தையோ மத நம்பிக்கையையோ திட்டமிட்டு, கெட்ட எண்ணத்தோடு இழிவுபடுத்தினாரா? பழைய 295ஏ, இப்போது 299. இது எதிலும் அடங்காத வலி வலிதான், மறுக்கவில்லை. ஆனால் வழக்கு ஆகாது.

நன்றாகக் கவனியுங்கள்: நற்பெயர் இருக்கிற இடம் உங்கள் மனசு இல்லை, அடுத்தவர் மனசு. உங்களிடம் மட்டும் தனியாக வந்து "நீ திருடன்" என்று சொல்லிவிட்டுப் போனால் அது அவதூறே இல்லை. மூன்றாவது ஆள் ஒருவர் காதில் விழ வேண்டும்.

எரிச்சல் உண்டாக்கினாலே குற்றம் என்று ஒரு சட்டம் இருக்கத்தான் செய்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ. தொந்தரவு, அசௌகரியம் என்றெல்லாம் அதில் வார்த்தைகள். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை அடியோடு ரத்து செய்தது. ஒருவருக்கு எரிச்சல் தருவது இன்னொருவருக்குச் சிரிப்பு, எதை வைத்து அளப்பது என்பதுதான் பிரச்சினை. அதன் பிறகும் பல மாநிலங்களில் காவல் நிலையங்கள் செத்த செக்‌ஷனில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தன. இனி யார் மீதும் நடவடிக்கை கூடாது என்று 2022இல் மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது.

மூணாவது பெஞ்ச்: எங்கள் உறவுக்காரர் ஒருவர் பேர் போடாமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் என்னைத்தான் குத்திக்காட்டுகிறார். கேஸ் போடலாமா?

பேர் போட வேண்டும் என்று அவசியமில்லை. பார்த்த நாலு பேர் "இது இன்னாரைத்தான்" என்று புரிந்துகொண்டார்கள் என நிரூபித்தால் போதும். அந்த நாலு பேர் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்வார்களா என்பது வேறு கதை.

ஜாடை பேசினால் தப்பிக்கலாம் என்பதும் பொய். அவதூறுப் பிரிவிலேயே ஓர் உதாரணம் உண்டு, 1860இலிருந்து இருக்கிறது. ஒருவன் சொல்கிறான்: "அவர் ரொம்ப நேர்மையானவர். இன்னாருடைய வாட்சை அவர் திருடவே இல்லை." திருடினார் என்று கேட்பவர் நம்ப வேண்டும் என்பதுதான் நோக்கம். அவதூறுதான். நம் இலக்கணத்தில் வஞ்சப் புகழ்ச்சி என்கிறோமே, அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஜூனியர்களுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே சிரிப்பு வரும்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. எந்த நம்பர், எந்தத் தேதி, எத்தனை மணி, யார் போனில் பார்த்தது, எல்லாம் வேண்டும். மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழும் வேண்டும். அந்த போனை மாற்றாதீர்கள்.

பேருந்து ஜன்னல்: 295ஏ வெள்ளைக்காரன் பிரித்தாளக் கொண்டுவந்தது என்கிறார்களே?

வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதான். ஆனால் கேட்டது நாம். 1920களில் லாகூரில் நபிகளைப் பற்றி ஒரு துண்டு நூல் வந்தது. பதிப்பாளர் மேல் 153ஏ வழக்கு. அந்தப் பிரிவு சமூகங்களுக்கு இடையே பகையை வளர்ப்பதைத்தான் தடுக்கிறது, மறைந்த மதத் தலைவரை விமர்சிப்பது அதில் வராது என்று லாகூர் உயர் நீதிமன்றம் 1927இல் அவரை விடுதலை செய்தது. கொந்தளிப்பு. அதே வருஷம் புதுப் பிரிவு வந்துவிட்டது. 1929இல் அந்தப் பதிப்பாளரைக் கடையிலேயே குத்திக் கொன்றார்கள். சட்டம் வந்தால் ஆத்திரம் தணியும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு வருஷத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தண்டனை முதலில் இரண்டு வருஷம், 1961இல் மூன்றாக்கினார்கள். 1957இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்றது. ஆனால் அறியாமல், கவனக்குறைவாகப் பேசியது இதில் வராது என்றும் சேர்த்தே சொன்னது. இந்தப் பிற்பாதியைப் புகார் எழுதுகிற யாரும் படிப்பதில்லை. அரசின் முன் அனுமதி இல்லாமல் கோர்ட் இந்த வழக்கை விசாரணைக்கு எடுக்கவும் முடியாது.

ஊர்க்காவல்: ஒரு சினிமாவில் எங்கள் சமூகத்தையே கேவலமாகக் காட்டிவிட்டார்கள். ஊருக்கு ஊர் ஆளுக்கொரு வழக்குப் போடலாம் என்றிருக்கிறோம்.

போடலாம், தோற்கலாம். அவதூறுக்கு "பாதிக்கப்பட்டவர்"தான் புகார் கொடுக்க முடியும். நடிகை குஷ்பு 2005இல் ஒரு பத்திரிகைக்குச் சொன்ன கருத்துக்காக 23 வழக்குகள் போட்டார்கள். 2010இல் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது. வழக்குப் போட்ட எவரையும் அவர் குறிப்பிட்டுப் பேசவில்லை என்பது முக்கியமான காரணம்.

இதைவிடப் பழசு ஒன்று. 1971இல் சேலத்தில் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு. அதன் தீர்மானத்தைத் திரித்து வெளியிட்டதாக ஒரு நாளிதழின் ஆசிரியர் மேல் வரவேற்புக் குழுத் தலைவர் வழக்குப் போட்டார். மாநாடு என்பது இன்னார் இன்னார் என்று எண்ணிக் காட்ட முடியாத கூட்டம், அதற்கு அவதூறு ஆகாது என்று 1972இல் தீர்ப்பு. உங்கள் சமூகம் அந்த மாநாட்டைவிடப் பெரியது.

"படம் வந்தால் கலவரம் வரும்" என்று சொல்லப் போகிறீர்கள் என்றால், அதற்கும் 1989இலேயே பதில் வந்துவிட்டது. இட ஒதுக்கீட்டை விமர்சித்த ஒரு தமிழ்ப் படத்தின் சான்றிதழை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. மிரட்டுகிறவர்களை அடக்குவது அரசின் வேலை, அதற்காகப் பேசுகிறவன் வாயை மூடக்கூடாது என்றார்கள்.

சின்னத்திரை: என் நாத்தனார் ஸ்டேட்டஸில்...

மேலே மூணாவது பெஞ்சுக்குச் சொன்னதைப் பாருங்கள்.

வெயில்காரன்: நான் எழுதவே இல்லை, வந்ததை ஃபார்வர்டு மட்டும் செய்தேன். எனக்கும் பொறுப்பா?

உங்களுக்கும்தான். 2018இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவைப் பகிர்ந்த நடிகர் ஒருவர், கண்ணில் மருந்து விட்டிருந்ததால் படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 2023இல் தள்ளுபடி. ஆனால் அடுத்தவர் போட்டதற்காக குரூப் அட்மினை, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காகக் குற்றவாளி ஆக்க முடியாது. மதுரைக் கிளையும் இதைச் சொல்லியிருக்கிறது.

இலக்கணப்பித்து: "என் பேச்சால் யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்." தலைவர்கள் எல்லாரும் சொல்லும் இந்த வாக்கியம் மன்னிப்பா சார்? நான் தமிழாசிரியர், இது என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

ஐயா, அந்த மாதிரி வாக்கியங்களை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். மன்னிப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், நாளை அதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எதிர்த்தரப்பு நீட்டும். வருத்தம் என்றால் நழுவ இடம் இருக்கும்.

இலக்கணப்பித்து: நழுவுவது "வருத்தம்" இல்லை, வினைச்சொல். புண்படு தன்வினை, புண்படுத்து பிறவினை. "புண்படுத்தியதற்கு" என்றால் செய்தவன் நான். "புண்பட்டிருந்தால்" என்றால் அது தானாக நடந்தது, அதுவும் நடந்ததோ இல்லையோ. பந்து அடித்த பையன் "கண்ணாடி உடைஞ்சிருச்சு" என்பானே தவிர, "உடைச்சிட்டேன்" என்று சொல்கிறானா?

மைக்செட்: பதினைந்து வருஷமாகப் பேச்சாளர்களுக்கு அறிக்கை எழுதுகிறேன். வாத்தியாருக்கு ஒன்று தெரியாது. மன்னிப்பு என்று எழுதினால் எதிராளி சமாதானம் ஆவான், ஆனால் நம்ம ஆளு மண்டி போட்டுட்டார்னு நம்ம ஆட்களுக்கே மனசு புண்படும். அறிக்கை அவர்களுக்காகத்தான்.

மைக்செட் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. இன்னொன்றும் சொல்கிறேன், வாத்தியார் கோபப்படக் கூடாது. 1971ஆம் வருஷ நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் 12ஆம் பிரிவு: மனதார மன்னிப்புக் கேட்டிருந்தால், "ஆல்" போட்டுக் கேட்டார் என்பதற்காக மட்டும் அதைத் தள்ளக்கூடாது என்கிறது. நிபந்தனை மன்னிப்புக்குச் சட்டமே இடம் கொடுத்துவிட்டது. கேட்கவே மாட்டேன் என்றவருக்கு என்ன ஆனது? 2020இல் வக்கீல் பிரசாந்த் பூஷண் மறுத்துவிட்டார். ஒரு ரூபாய் அபராதம்.

இலக்கணப்பித்து: "மனதார" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மனதார வருகிறவனுக்கு "ஆல்" எதற்கு?

பேருந்து ஜன்னல்: "நடந்தது வருத்தத்திற்குரியது" எப்படி?

இலக்கணப்பித்து: அதில் ஆளே இல்லை. யார் வருந்துகிறார், யாரிடம், ஒன்றும் தெரியாது.

அரைத்தூக்கம்: சார், நான் இரண்டாவது கேள்வி போட்டு ஒரு மணி நேரம் ஆச்சு.

பொறுங்கள், இதை முடித்துவிட்டு வருகிறேன். ஒரு குடியிருப்போர் சங்கம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் பொருளாளரைப் பார்த்து, "கணக்கு கேட்டா மட்டும் இவருக்குக் காய்ச்சல் வந்துடும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நாலு வருஷம் வாய்தா. கடைசியில் கோர்ட் வராந்தாவில் சமரசம் பேசினோம், அவதூறை அப்படி முடித்துக்கொள்ளலாம். நான் செயலாளர் பக்கம். முதல் வரைவில் வழக்கம்போல "புண்பட்டிருந்தால்" போட்டேன். பொருளாளர் சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்து "இருந்தால்" மேல் மட்டும் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "புண்பட்டதற்கு" என்று மாற்றினோம். செயலாளர் கையெழுத்துப் போட மறுத்தார். "வருத்தம்" என்று போட்டால் பொருளாளருக்குப் போதவில்லை, "மன்னிப்பு" என்றால் செயலாளருக்கு மூச்சு முட்டியது. ஐந்தாவது வரைவு செயலாளரே சொன்னது, நான் எழுதினேன்: "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது." அவ்வளவுதான். வருத்தமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. பொருளாளர் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். ஜெராக்ஸ் ஒன்று வேண்டும் என்றார்.

இலக்கணப்பித்து: அதில் எழுவாய் இருக்கிறது சார்.

ஆமாம். அதுதான் போலிருக்கிறது.

அரைத்தூக்கம்: இப்பவாவது... வழக்குப் போட எத்தனை நாள் டைம்?

நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு என்றால் ஒரு வருஷம். குற்றவியல் புகாருக்கு மூன்று வருஷம். போலீசுக்குப் போகாதீர்கள், இது நேராக மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார். இப்போது வழக்கை எடுப்பதற்கு முன்பே எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும் என்று புதுச் சட்டம் சொல்கிறது. வருஷக் கணக்கில் டைம் இருக்கிறது என்பதால் ஒன்று சொல்கிறேன்: முதல் நாள் எதுவும் எழுதாதீர்கள். பதிலுக்கு நீங்கள் போடுகிற பதிவில் உங்கள் மேல் ஒரு கேஸ் தயாராகிவிடும்.

பழையபேப்பர்: எழுத்தாளர் பெருமாள்முருகன் "மாதொருபாகன்" நாவலுக்காக அதிகாரிகள் முன்னால் மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாரே, அது செல்லுமா?

செல்லாது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் சமாதானக் கூட்டம் என்ற பெயரில் எழுதி வாங்கியது அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிடிக்காத புத்தகத்தை மூடி வைக்கலாம் என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம். வெளியே பத்து வண்டி ஆட்கள் நிற்கும்போது வாங்கும் கையெழுத்துக்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

ரெண்டாம்படி: அரசாங்கமே அவதூறு வழக்குப் போடுகிறதே?

நிறையப் போட்டார்கள். 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் பத்திரிகை ஆசிரியர்கள் மேல் இருந்த அத்தகைய புகார்களை ரத்து செய்தது. சாதாரண ஆள் மாதிரி அரசு பொசுக்கென்று கோபப்படக்கூடாது, பெற்றோர் மாதிரி நடக்க வேண்டும் என்று சொன்னது.

ஒத்தையடி: கண்டன ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி?

சென்னை என்றால் ஐந்து நாள் முன்னால் போலீசில் மனு. மற்ற ஊர்களில் காவல் நிலையத்தில் கேளுங்கள்.

முகமூடி: பேர் போடாமல் ஸ்டேட்டஸ் வைத்தால்...

இல்லை. எனக்கு இனி ஸ்டேட்டஸ் வேண்டாம்.

சின்னத்திரை: கடைசியாக ஒன்று. உங்களை யாரும் அப்படிப் பேசியதில்லையா?

பேசியிருக்கிறார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் ஒருவர், கோர்ட் நிறையக் கட்சிக்காரர்கள் இருக்கும்போது, "சார் கூலிக்கு மாரடிக்கிறார்" என்றார். அன்று இரவே நோட்டீஸ் டைப் செய்தேன், நாலு பக்கம். பதினோரு வருஷம் ஆகிறது, அனுப்பவில்லை. கம்ப்யூட்டரில் "நோட்டீஸ் கடைசி 3" என்ற பெயரில் கிடக்கிறது. எப்போதாவது திறந்து, எங்காவது ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு மூடுவேன்.