கனமா, கரகரப்பா?
(ஏர் ரைபிள் – வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: பத்து மீட்டர் பயிற்சிக்காக, குழலை மடக்கி ஏற்றும் விலை குறைந்த ஏர் ரைபிள் ஒன்றை வாங்கியிருக்கிறேன். ட்ரிகரை இழுத்து முடிப்பதற்குள் விரல் நோகிறது. குறியும் வலப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. ட்ரிகர் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டிவிட்டால் இலகுவாகிவிடும் என்கிறார் நண்பர். வெட்டலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: வெட்ட வேண்டாம். இந்த யோசனையை இளமையில் நானும் கேட்டு நடந்தவன். ட்ரிகர் உண்மையாகவே பூப்போல இலகுவாயிற்று. ஆனால் நான்காவது முறை குழலை மடக்கி, பெல்லட் என்னும் சிறு ஈயக்குண்டை வைத்து மூடிய கணத்தில், விரல் ட்ரிகரைத் தொடாமலேயே துப்பாக்கி வெடித்தது. மொட்டைமாடியில் வரிசையாக நிறைத்து வைத்திருந்த பிளாஸ்டிக் குடங்களில் ஒன்று ஓட்டையானதோடு போயிற்று. அது தண்ணீர் லாரிக்காகத் தெருவே காத்திருந்த கோடைக்காலம் என்பதால், வீட்டில் வாங்கிய திட்டு இன்னும் காதில் ஒலிக்கிறது. குழல் மடங்கியிருக்கும்போதே பிடி நழுவியிருந்தால் அது வேகமாக மேலே திரும்பி, பெல்லட்டை வைத்துக்கொண்டிருந்த விரலை நசுக்கியிருக்கும்.

காரணம் இதுதான். நீங்கள் குழலை மடக்கும்போது, காற்றை அழுத்திப் பெல்லட்டைத் தள்ளும் பிஸ்டன் பின்னால் தள்ளப்பட்டு மெயின் ஸ்பிரிங் சுருங்குகிறது. பிஸ்டன் தண்டிலுள்ள வெட்டில் சியர் எனப்படும் சிறு கொக்கி விழுந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. ட்ரிகருக்குப் பின்னாலுள்ள சிறிய ஸ்பிரிங்தான் அந்தக் கொக்கியை ஒவ்வொரு முறையும் தன் இடத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. அதை வெட்டினால் கொக்கி முழுதாக விழாமல் விளிம்பில் மட்டும் தொற்றிக்கொண்டு நிற்கும்.

விலை குறைந்த துப்பாக்கிகளில் மெயின் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் பெரும்பங்கு நேராக அந்தக் கொக்கியின் மேலேயே இறங்குவதால், அத்தனை அழுத்தத்துக்கு எதிராக அதை உருவி எடுக்கும் வேலை உங்கள் ஆள்காட்டி விரலுக்கு வந்துவிடுகிறது. ஜெர்மனியின் வைராக் நிறுவனத்தின் ‘ரெகார்டு’ ட்ரிகர் பேர்பெற்றதற்குக் காரணம், இடையில் நெம்புகோல்களை வைத்து அந்தச் சுமையைப் பிரித்துவிடுவதுதான். அந்த அமைப்பை உங்கள் துப்பாக்கிக்குள் கொண்டுவர முடியாது. ஆனால் நீங்கள் கனம் என்று உணர்வதில் கணிசமான பகுதி உண்மையில் கனமன்று, கரகரப்பு. தகட்டை அச்சில் வெட்டியெடுத்த பாகங்களின் பிசிறும் சொரசொரப்பும் ஒன்றோடொன்று உரசுவது. அதைக் குறைக்கலாம்.

முதலில் அளந்து பாருங்கள். பயணப்பெட்டியை எடை பார்க்கும் டிஜிட்டல் கொக்கித் தராசு போதும். பெல்லட் இல்லாமல் சுட்டால் பிஸ்டன் முன்சுவரில் மோதிப் பழுதாகும் என்பதால் பெல்லட்டை வைத்து, குழலை மணற்பெட்டியை நோக்கி நிறுத்தி, கொக்கியை ட்ரிகரின் நடுவில் மாட்டி நேர் பின்னால் மெதுவாக இழுங்கள். மற்றொருவர் தராசின் எண்ணைக் கைப்பேசியில் படம்பிடிக்கட்டும். ஐந்து முறை பார்த்துச் சராசரி எடுங்கள். இரண்டரை, மூன்று கிலோ என்று வந்தால் வியப்பில்லை. துப்பாக்கியின் எடையே ஏறக்குறைய அவ்வளவுதான் என்னும்போது, விரல் இழுக்கிற இழுப்பில் துப்பாக்கியே அசைவதில் குற்றம் உங்களுடையது மட்டுமன்று.

பிறகு, ஸ்பிரிங் ஏற்றப்படாத நிலையில், கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றி மரக்கட்டையை மட்டும் தனியே எடுங்கள். மெயின் ஸ்பிரிங் இருக்கும் உருளையின் பின்மூடியைத் தொடாதீர்கள்; அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங் தகுந்த கவ்வி இல்லாமல் திறந்தால் மூடியையும் உங்களையும் சேர்த்தே தள்ளும். இப்போது ட்ரிகரின் அச்சாணியும் கொக்கியின் பக்கவாட்டும் கண்ணுக்குத் தெரியும். நம் ஊர்க் கடற்காற்றில் ஓராண்டு கிடந்த துப்பாக்கி என்றால், அச்சாணியைச் சுற்றிச் செம்பழுப்பாகத் துருவும், தொழிற்சாலையில் தடவிக் காய்ந்துபோன கிரீசும் பிசுக்காக ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, ஊதுவத்திக் குச்சியின் முனையில் உராய்வைக் குறைக்கும் மாலிப்டினம் டைசல்ஃபைட் பசையைக் கடுகளவு எடுத்து, உரசும் இடங்களிலும் அச்சாணியிலும் மட்டும் தடவுங்கள். தையல் எந்திர எண்ணெயைத் தாராளமாக ஊற்றுகிறவர்கள் உண்டு. அது வழிந்து பிஸ்டனுக்கு முன்னால் சேர்ந்தால், அழுத்தத்தில் சூடேறி டீசல் எஞ்சின் போலத் தீப்பற்றிப் புகையும். பசை பூசியபின் ஐம்பது பெல்லட் சுட்டுவிட்டு மறுபடி அளந்தால் வேறுபாடு தராசிலேயே தெரியும்.

அரம் போடுவது என் கருத்தில் வீட்டு வேலையன்று. பெரும்பாலும் அந்தக் கொக்கியின் மேற்பரப்பு மட்டுமே கடினமாக்கப்பட்டிருக்கும். அந்த மெல்லிய தோல் போய்விட்டால் உள்ளேயுள்ள மென்மையான இரும்பு விரைவில் தேய்ந்து, பிடியின் கோணம் மாறிவிடும்.

ட்ரிகர் காப்பு வளையத்தின் துளைவழியே சிறு திருகு ஒன்று தெரிந்தால், கையேட்டைப் பார்த்து, பழைய நிலையை மார்க்கரால் குறித்துக்கொண்டு, கால் சுற்று மட்டும் திருப்புங்கள். பல மாதிரிகளில் அது கனத்தை மாற்றுவதில்லை. ட்ரிகர் நகரும் தூரத்தையே மாற்றும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும், குழல் மணற்பெட்டியை நோக்கியிருக்க, ஏற்றிய துப்பாக்கியின் அடிக்கட்டையை ரப்பர் சுத்தியலால் பத்து முறை தட்டுங்கள். ஒருமுறை தானாக வெடித்தாலும் திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விட வேண்டும். இத்தகைய துப்பாக்கியில் ஒரு கிலோவுக்குக் கீழே இறக்க ஆசைப்படாதீர்கள்.

குறி வலப்பக்கம் நகர்வதாக எழுதியிருக்கிறீர்கள். வலக்கைக்காரர் விரலின் நடுக்கணு வரை உள்ளே விட்டு இழுத்தால் அப்படித்தான் ஆகும். முதற்கணுவின் சதைப்பகுதியை ட்ரிகரில் வைத்து நேர் பின்னால் அழுத்துங்கள். இதற்குச் செலவே இல்லை.

கேள்வி: ட்ரிகரை மாற்றினால் உரிமம் வாங்க வேண்டி வருமா?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் பார்ப்பது குழலின் விட்டத்தையும் வெளியேறும் பெல்லட்டின் ஆற்றலையும்தான், 4.5 மில்லிமீட்டருக்கும் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. ட்ரிகர் அந்த ஆற்றலைக் கூட்டுவதில்லை. போட்டியைப் பொறுத்தவரை, பன்னாட்டு விதிகளில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் ட்ரிகருக்குக் குறைந்தது 500 கிராம் என்ற வரம்பு உண்டு. ஏர் ரைபிளுக்கு அப்படி ஒன்று இல்லை.

கேள்வி: மெரினாவில் பலூன் சுடும் துப்பாக்கியின் ட்ரிகர் மட்டும் எப்படி அவ்வளவு மென்மையாக இருக்கிறது?
– வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: நாள் முழுக்க, ஆண்டு முழுக்கச் சுட்டுச் சுட்டு அதன் கொக்கியின் சொரசொரப்பெல்லாம் தேய்ந்து மழமழவென்று ஆகியிருக்கும். மெயின் ஸ்பிரிங்கும் ஓய்ந்து போயிருப்பதால் கொக்கியின் மேல் சுமை குறைவு. பலூனை உடைக்க அந்த ஓய்ந்த ஸ்பிரிங்கே போதும். பத்து மீட்டர் தாளின் நடுவில் அரை மில்லிமீட்டர் புள்ளியைத் தேடுகிறவருக்குப் போதாது. பெரம்பூர் வாசகரின் துப்பாக்கியும் இரண்டு டப்பா பெல்லட் தீர்வதற்குள் தானாகவே ஓரளவு பழகிக்கொடுக்கும். மற்ற வேலைகளைத் தொடங்குமுன் அதை முதலில் செய்து பார்க்கலாம்.