15 கோப்பை இருந்தால் போதுமா? - வாசகர் கேள்வி, பதில்

சென்ற இதழில் ஒரு வாசகர் "ஐரோப்பாவிலேயே பெரிய கால்பந்து கிளப் எது?" என்று கேட்டிருந்தார். ரியல் மாட்ரிட் என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத் தஞ்சாவூர், திருவாரூர், நாகை, காரைக்கால் என்று டெல்டா முழுவதிலும் இருந்து கடிதங்கள் குவிந்துவிட்டன, அதனால் இந்த முறை பக்கம் முழுக்கக் கால்பந்துதான். இங்கே வரும் எண்ணிக்கை எல்லாம் 2024-25 சீசன் முடியும் வரையிலான கணக்கு.

கேள்வி (மன்னார்குடி, கல்லூரி மாணவர்): எங்கள் விடுதியில் ராத்திரி ஒன்றரை மணிக்கு ஆட்டம் பார்த்துவிட்டு விடியும் வரை இதே சண்டை. ஐரோப்பியக் கோப்பையை, அதாவது இன்றைய சாம்பியன்ஸ் லீக்கை, ரியல் மாட்ரிட் 15 முறை வென்றிருக்கிறது, மிலான் 7, லிவர்பூல் 6, பேயர்ன் மியூனிக் 6, பார்சிலோனா 5. எண்ணிப் பார்த்தால் முடிந்தது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

பதில்: முதல் இடத்தைப் பற்றி என்றால் ஒன்றும் இல்லை, தம்பி. ஆனால் அந்த 15 எப்படி வந்தது என்று பிரித்துப் பாருங்கள். போட்டி தொடங்கிய 1955-56 முதல் 1966 வரை 11 சீசன், அதில் 6 கோப்பை, முதல் ஐந்தும் விட்டுக்கொடுக்காமல் தொடர்ச்சியாக. அப்புறம் 32 வருஷம் ஒன்றுகூட இல்லை. 1998, 2000, 2002-ல் மூன்று வந்தது. மறுபடி ஒரு நீண்ட இடைவெளி. பிறகு 2014 முதல் 2024 வரை சரியாக அதே 11 சீசன், அதே 6 கோப்பை. டி ஸ்டெஃபானோ ஆடிய காலத்திலும் சரி, மோட்ரிச் ஆடிய காலத்திலும் சரி, ஐரோப்பா முழுவதும் இந்த ஒரு கிளப்பைத்தான் துரத்திக்கொண்டு ஓடியது, இப்படி இரண்டு வெவ்வேறு யுகங்களை ஆண்ட கிளப் வேறு இல்லை. 18 முறை இறுதி ஆட்டத்துக்குப் போய் 15-ல் வென்றிருக்கிறார்கள். கடைசியாக இறுதியில் தோற்றது 1981-ல், லிவர்பூலிடம்.

உங்கள் விடுதியில் சண்டை போட வேண்டியது இரண்டாம் இடத்துக்குத்தான். வெறும் எண்ணிக்கை மிலான் என்று சொல்லும். என் தேர்வு பேயர்ன். மிலான் சூதாட்ட ஊழலில் சிக்கி 1980-லும், மோசமாக ஆடி 1982-லும் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிய கிளப். பேயர்ன் 1965-ல் ஜெர்மனியின் முதல் டிவிஷனான பன்டஸ்லிகாவுக்குள் வந்ததில் இருந்து ஒருமுறைகூட இறங்கியதில்லை, ஜெர்மன் பட்டம் மட்டும் 34, ஐரோப்பியக் கோப்பையை 1970-களில் தொடர்ந்து மூன்று முறை வாங்கி, பிறகு 2001, 2013, 2020 என்று ஒவ்வொரு தலைமுறையிலும் திரும்பி வந்திருக்கிறார்கள். எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஆண்டையும் எழுதி வைத்துக்கொண்டு சண்டை போடுங்கள், அப்போது உண்மை தெரியும்.

கேள்வி (பட்டுக்கோட்டை, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்): அந்தக் காலத்தில் ஏழு ஆட்டம் ஆடினால் கோப்பை. இன்று அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆட வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா?

பதில்: ஐயா, மிக முக்கியமான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். முதல் போட்டியில் 16 கிளப்புகள்தான், மாட்ரிட் ஆடியது ஏழே ஆட்டம். 2024-ல் அதே மாட்ரிட் 13 ஆட வேண்டியிருந்தது. 2025-ல் வென்ற பாரிஸ் கிளப் பிஎஸ்ஜி 17 ஆட்டம் ஆடியது. இதை வைத்துப் பழைய கோப்பை சுலபம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அன்று உள்ளே நுழைவதே கஷ்டம். அழைப்பின் பேரில் நடந்த முதல் சீசனை விட்டுவிட்டால், தன் நாட்டு லீக்கை வென்ற கிளப்புக்கும், முந்தைய ஆண்டுக் கோப்பையை வைத்திருப்பவருக்கும் மட்டும்தான் இடம். இரண்டாம் இடம் பிடித்தவர்களை உள்ளே விட்டது 1997-98 சீசனில் இருந்துதான். 1999-ல் மான்செஸ்டர் யுனைடெட் அப்படி இரண்டாம் இடத்தில் முடித்துத்தான் வந்தது, 2005-ல் இஸ்தான்புல்லில் மூன்று கோல் பின்தங்கி மீண்டு வந்த லிவர்பூல் முந்தைய ஆண்டு தன் லீக்கில் நான்காம் இடம். பழைய விதி இருந்திருந்தால் இந்த இரண்டு மகத்தான இரவுகளும் நடந்தே இருக்காது.

இன்னொரு விஷயம், அன்று குழுச் சுற்று கிடையாது. முதல் சுற்றிலேயே இரண்டு ஆட்டத்தின் மொத்தக் கோலில் தோற்றால் அந்த வருஷம் முடிந்தது, திரும்ப வர வேண்டுமானால் மறுபடி லீக்கை வெல்ல வேண்டும். நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கதையைப் பாருங்கள். 1977-ல் இரண்டாம் டிவிஷனில் இருந்து மேலே வருகிறார்கள், 1978-ல் இங்கிலாந்து லீக்கையே வெல்கிறார்கள், ஐரோப்பாவில் முதல் சுற்றிலேயே எதிரே நிற்பது யார் என்றால் இரண்டு முறை தொடர்ந்து கோப்பை வென்ற லிவர்பூல். அவர்களை வெளியேற்றி, 1979-ல் கோப்பை, 1980-ல் மறுபடியும் கோப்பை. லீக் ஒன்று, ஐரோப்பியக் கோப்பை இரண்டு, இப்படி ஒரு கணக்கு வேறு எந்தக் கிளப்பிடமும் இல்லை. இன்றைய ஏற்பாட்டில் பெரிய கிளப் இரண்டு மூன்று ஆட்டம் தோற்றாலும் பிழைத்துக்கொள்ளும். பிஎஸ்ஜி வென்ற அந்த ஆண்டே ஐரோப்பியக் கோப்பையின் முதல் கட்டமான லீக் சுற்றில் மூன்று தோல்வி, 15-வது இடம். அதற்கு மேல் அவர்கள் ஆடியது அபாரம், அதில் சந்தேகமில்லை, ஆனால் அந்தச் சறுக்கலை 1978-ன் விதி மன்னித்திருக்காது.

கேள்வி (நாகப்பட்டினம்): மாட்ரிட்டின் பழைய கோப்பைகள் எல்லாம் ஸ்பெயின் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் தயவால் வந்தவை என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை பேசும்போதுதான் அதிக கவனம் வேண்டும். ஃபிராங்கோ ஆட்சி பார்சிலோனாவுக்குச் செய்த கொடுமை உண்மை. அந்தக் கிளப்பின் தலைவர் ஜோசெப் சுன்யோலை 1936-ல் ஃபிராங்கோவின் படை சுட்டுக் கொன்றது. 1943-ல் மாட்ரிட் 11-1 என்று வென்ற ஸ்பெயின் கோப்பை அரையிறுதியில் பார்சிலோனா வீரர்கள் மிரட்டப்பட்டார்கள் என்பது இன்றுவரை ஆறாத புண்.

ஆனால் லீக் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 1939-ல் ஃபிராங்கோ ஆட்சியைப் பிடித்த பிறகு மாட்ரிட்டின் முதல் லீக் பட்டம் 1954-ல்தான் வருகிறது. அதற்குள் பார்சிலோனா ஐந்து முறை வென்றுவிட்டது. சர்வாதிகாரியின் செல்லக் கிளப் 15 வருஷமா காத்திருக்கும்? மாட்ரிட்டை மாற்றியது 1953-ல் வந்த டி ஸ்டெஃபானோ. அவருக்காகப் பார்சிலோனாவும் போட்டி போட்டது, ஸ்பெயின் கால்பந்துச் சங்கம் இரண்டு கிளப்பும் மாறி மாறி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு விசித்திரத் தீர்ப்புச் சொல்ல, பார்சிலோனா விலகிக்கொண்டது. அதில் அரசின் கை இருந்ததா என்று பார்சிலோனாக்காரர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. 1960-ல் கிளாஸ்கோவில் ஐரோப்பியக் கோப்பை இறுதியில் ஃபிராங்ஃபர்ட்டை 7-3 என்று வென்றபோது புஷ்காஷ் நான்கு, டி ஸ்டெஃபானோ மூன்று கோல் போட்டார்களே, அந்த மைதானத்தில் எந்த சர்வாதிகாரியும் உதவ முடியாது. மாட்ரிட் ஜெயித்த பிறகு அந்தப் பெருமையை ஆட்சி தன் விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது என்று சொன்னால் அது சரி.

கேள்வி (திருவாரூர்): லிவர்பூலும் மான்செஸ்டர் யுனைடெட்டும் ஆளுக்கு 20 லீக் பட்டம். ஆறு வருஷத் தடை இல்லாவிட்டால் லிவர்பூல் ஐரோப்பாவில் இன்னும் எத்தனையோ வென்றிருக்கும், இல்லையா?

பதில்: வென்றிருக்கலாம். 1986, 1988, 1990-ல் இங்கிலாந்து சாம்பியன் அவர்கள்தான். ஆனால் அந்தத் தடையைக் காட்டிக் கூடுதல் மதிப்பெண் கேட்பதை என்னால் ஏற்க முடியாது. 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸ் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்து தாக்கியதில் சுவர் இடிந்து 39 பேர் செத்துப்போனார்கள், பெரும்பாலும் யுவென்டஸைப் பார்க்க வந்த இத்தாலியர்கள். அதற்காகத்தான் இங்கிலாந்து கிளப்புகள் எல்லாவற்றுக்கும் ஐரோப்பாவில் தடை வந்தது. பரிதாபப்பட வேண்டியது எவர்டனுக்காக. அதே 1985-ல் லீக் சாம்பியன், 1987-லும் சாம்பியன், ஒரு தப்பும் செய்யாமல் இரண்டு முறையும் ஐரோப்பியக் கோப்பையில் ஆட முடியாமல் போனது. மியூனிக் விமான விபத்தில் 1958-ல் எட்டு வீரர்களை இழந்த யுனைடெட், பத்தே வருஷத்தில் பென்ஃபிகாவை 4-1 என்று வென்று கோப்பை வாங்கியது. கோப்பை எண்ணிக்கையில் 6-க்கு 3 என்று லிவர்பூல்தான் மேலே. மனசில் யார் மேலே என்பது உங்கள் விருப்பம்.

கேள்வி (காரைக்கால்): எங்கள் ஊரில் பிரான்ஸில் உறவினர் இல்லாத தெருவே கிடையாது. பிஎஸ்ஜியை இனியாவது பெரிய கிளப் பட்டியலில் சேர்ப்பீர்களா?

பதில்: 2025-ல் மியூனிக்கில், மிலான் நகரின் இன்னொரு கிளப்பான இன்டர் மிலானை 5-0 என்று வென்றார்களே, ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டங்களில் இத்தனை கோல் வித்தியாசம் அதற்கு முன் வந்ததே இல்லை. அந்த ஒரு இரவு வரலாற்றில் நிற்கும். கிளப்பாகப் பார்த்தால் 1970-ல்தான் பிறந்தது, 2011-ல் கத்தார் பணம் வந்த பிறகுதான் லீக்கைத் தன் சொத்தாக்கியது. இன்னும் இருபது வருஷம் பார்ப்போம். பிரான்ஸுக்கு முதல் ஐரோப்பியக் கோப்பை கொண்டுவந்தது 1993-ல் மார்சேய், அதே சீசனில் லீக் ஆட்டம் ஒன்றில் லஞ்சம் கொடுத்தது அம்பலமாகி லீக் பட்டம் பறிபோனது. உங்கள் ஊர்க்காரர்கள் இதைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசுவார்கள்.

கேள்வி (மயிலாடுதுறை): யுவென்டஸ் 36 லீக் பட்டம் வென்றும் ஐரோப்பியக் கோப்பை இரண்டுதானா?

பதில்: ஆமாம். ஒன்பது இறுதி, ஏழு தோல்வி. 1996-க்குப் பிறகு போன ஐந்து இறுதியிலும் தோல்வி. லீக்கில் ஆடும்போது இருக்கும் அந்த நிதானம் இறுதி நாளில் எங்கே போகிறது என்று இத்தாலியர்களே கேட்டுக்கொள்கிறார்கள்.

கேள்வி (அதிராம்பட்டினம்): எங்கள் பக்கத்து எழுவர் கால்பந்துத் தொடர்களில் பணம் உள்ள அணி வெளியூரில் இருந்து ஆட்டக்காரர்களைக் கூட்டிவந்து கோப்பையைத் தட்டிக்கொண்டு போகிறது. உள்ளூர்ப் பையன்களை மட்டும் வைத்து ஐரோப்பாவில் யாராவது வென்றிருக்கிறார்களா?

பதில்: வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வென்றிருக்கிறார்கள். 1967-ல் ஸ்காட்லாந்தின் செல்டிக். லிஸ்பனில் இன்டர் மிலானை 2-1 என்று தோற்கடித்த அந்த 11 பேரும் கிளாஸ்கோவில் உள்ள தங்கள் மைதானத்தைச் சுற்றி 30 மைலுக்குள் பிறந்தவர்கள். தஞ்சாவூரில் இருந்து கும்பகோணம் போகும் தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். இன்டர் அப்போது தற்காப்பில் உலகையே பயமுறுத்திய அணி. ஒரு கோல் பின்தங்கிய நிலையில் இருந்து அவர்களை விடாமல் தாக்கித் தாக்கி உடைத்தார்கள். இனி ஒரு கிளப் இப்படி வெல்லும் என்று நான் நம்பவில்லை.

அடுத்து நெதர்லாந்தின் அயாக்ஸ். 1995-ல் மிலானை 1-0 என்று வென்றபோது கோல் போட்ட கிளைவர்ட்டுக்கு வயது 18. சொந்தப் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த பையன்கள்தான் அந்த அணியின் முதுகெலும்பு. அதே டிசம்பரில் போஸ்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, ஒப்பந்தம் முடிந்த வீரர் பழைய கிளப்புக்கு ஒரு காசு கொடுக்காமல் போகலாம், ஐரோப்பிய ஒன்றிய வீரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது என்று. வீரர்களுக்கு அது விடுதலை, சந்தேகமே இல்லை, அதுவரை அவர்களைக் கொத்தடிமை போலத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அயாக்ஸ் கலைந்துபோனது. டேவிட்ஸ், ரெய்சிகர், கிளைவர்ட் மூவருமே போய்ச் சேர்ந்தது அந்தத் தோற்ற மிலானில். 1996 இறுதிக்குப் பிறகு அயாக்ஸ் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தைக் கண்டதே இல்லை. 2019-ல் அரையிறுதியில் டாட்டன்ஹாமிடம் கடைசி நிமிடத்தில் தோற்றபோது நான் நிஜமாகவே அழுதேன்.

2011-ல் பார்சிலோனா இறுதியில் இறக்கிய 11 பேரில் ஏழு பேர் சொந்தப் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவர்கள், மெஸ்ஸி, சாவி, இனியஸ்டா உட்பட. அதெல்லாவற்றையும் விடப் பிடிவாதமான கிளப் ஒன்று உண்டு, அத்லெடிக் பில்பாவோ. ஸ்பெயினின் வடக்கே, பிரான்ஸ் எல்லையை ஒட்டிய பாஸ்க் பகுதியில் பிறந்தவர் அல்லது அங்கே கால்பந்து கற்றவர் தவிர யாரையும் எடுக்க மாட்டார்கள். அப்படி இருந்தும் ஸ்பெயினின் முதல் டிவிஷனில் இருந்து ஒருமுறைகூட இறங்கியதில்லை, மாட்ரிட், பார்சிலோனா தவிர இந்தப் பெருமை இவர்களுக்கு மட்டும்தான். ஐரோப்பியக் கோப்பை ஒன்றுகூட இல்லை. 40 வருஷம் கழித்து 2024-ல் ஸ்பெயின் மன்னர் கோப்பையை வென்றபோது, ஊரின் நெர்வியோன் ஆற்றில் படகில் கோப்பையை ஏற்றி ஊர்வலம் விட்டார்கள், இரண்டு கரையிலும் ஜனம். வெற்றிப் பட்டியலில் இதற்கு ஒரு கட்டம் இல்லை என்றால் அந்தப் பட்டியலில்தான் குறை.

கேள்வி (கும்பகோணம், பள்ளி உடற்கல்வி ஆசிரியை): எங்கள் பள்ளிப் பெண்கள் அணி மாவட்டப் போட்டிக்குத் தயாராகிறது. பெண்கள் கிளப்புகளில் மாட்ரிட்டைப் போல யாராவது உண்டா, சார்? பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

பதில்: உண்டு, டீச்சர். பிரான்ஸின் லியோன். பெண்கள் சாம்பியன்ஸ் லீக்கை எட்டு முறை வென்றிருக்கிறார்கள், அதில் 2016 முதல் 2020 வரை தொடர்ந்து ஐந்து. ஐரோப்பாவின் உச்சக் கோப்பையைத் தொடர்ந்து ஐந்து முறை வென்ற கிளப்புகள் இரண்டுதான்: 1950-களின் மாட்ரிட் ஆண்கள், இந்த லியோன் பெண்கள். 2019 இறுதியில் பார்சிலோனாவுக்கு எதிராக நார்வேயின் அடா ஹெகர்பெர்க் முதல் அரை மணி நேரத்துக்குள் ஹாட்ரிக் அடித்தார், முடிவு 4-1. ஆண்டின் சிறந்த வீராங்கனைக்குத் தரும் பாலன் டி'ஓர் விருதை 2018-ல் முதன்முதலாக வாங்கியதும் அவர்தான். அன்று அடி வாங்கிய பார்சிலோனா அப்புறம் 2021, 2023, 2024 என்று மூன்று கோப்பை வென்றது, 2025 இறுதியில் ஆர்சனல் அவர்களை 1-0 என்று நிறுத்தியது. 2019 இறுதியையும் 2025 இறுதியையும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். மாவட்டப் போட்டி முடிவை எனக்கு எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழிலேயே போடுகிறேன்.