கழிவகற்றல் நிதியில் துண்டு விழுந்தால்

கேள்வி: மாநகரசபையின் கழிவகற்றல் செலவு வருமானத்தை மிஞ்சும்போது, ஆதனவரியை உயர்த்துவதைத் தவிர வேறு வழியில்லையா, ஐயா?
– வாசகர், நல்லூர்

பதில்: உண்டு, வரியை உயர்த்துமுன் நிலுவையை அறவிடுவதே முறை என்பேன். ஆண்டுக்குரிய ஆதனவரி முழுவதையும் ஜனவரி 31க்கு முன் செலுத்துவோருக்கு 10 வீதத் தள்ளுபடி இருப்பதை அறிந்து பயன்படுத்துவோர் பெருகினால், ஆண்டின் தொடக்கத்திலேயே சபையின் கையில் பணம் சேரும். அடுத்து, திருமண மண்டபங்களையும் உணவகங்களையும் சாதாரண வீடுகளோடு ஒரே தட்டில் வைக்காமல், கழிவின் அளவுக்கேற்பக் கட்டணம் அறவிடலாம். உக்கும் கழிவை வளவுக்குள்ளேயே பசளையாக்கினால் (வளவுள்ளோருக்கே இது இயலும்) யாழ். மாநகரசபை கழிவைக் கொட்டும் கல்லுண்டாய்க்குச் செல்லும் வாகனங்களின் எரிபொருளும் மிஞ்சும். ஆனால், நாளாந்தச் செலவுக்காகக் கடன்படுவதையோ, வாகனத் திருத்தத்திற்கு ஒதுக்கிய பணத்தில் கைவைப்பதையோ நான் ஏற்கமாட்டேன். திருத்தாத வாகனம் மறு ஆண்டில் கூடுதல் செலவையே வைக்கும்.